வாசலுக்கு உள்ளே வந்த செருப்பு

(சித்தூர் எல்லைத் தமிழர் மன்றம் நடத்திய பாதநல முகாமின் நிறைவு விழாவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருவேங்கடம் ஆற்றிய உரை)

மன்றத்தை மகவெனப் பேணி வளர்த்து, மறுத்துப் பேசுவோரையும் மலர்ந்த முகத்தோடு கேட்டு, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா முனியப்பன் அவர்களே! திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, குனிந்த தலை நிமிராமல் எங்கள் கால்களையே கண்ணாகப் பார்த்த மருத்துவர் கிரண்குமார் அவர்களே! பாதங்களை அளந்து, அவற்றின் பாரத்தை அறிந்து, பக்குவமாய்க் காலணி அமைத்துத் தரும் அருமைச் சகோதரி பத்மினி அவர்களே! உழுத கால்களும் உழைத்த கால்களுமாய் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஒரு நாளில் ஆயிரம் நடை நடந்துவிட்டு, ‘நான் எங்க போறேன், வூட்லதான கீறேன்’ என்று சொல்லும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, நான் எந்த இடத்தில் கதையை மாற்றுவேன் என்று விழித்த விழி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லாள் தாட்சாயணி அவர்களே! உங்கள் அனைவரின் முன்னும் என் இரு கரங்களும் குவிகின்றன. வணக்கம்.

முன்வரிசையில் ஏதோ முணுமுணுப்பு. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது ஐயா. ‘வாத்தியார் இன்னா செருப்பு போட்டுக்கினு மேடைல நிக்கிறாரு?’ என்பதுதானே கேள்வி? நியாயமான கேள்வி. நானே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

முப்பத்தெட்டு ஆண்டுகள் மேடையில் பேசியவன் நான். காணிப்பாக்கத்துத் திருவிழா மேடை முதல் நகரிப் பக்கத்துக் களத்துமேட்டு மேடை வரை, எந்த மேடையானாலும் கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றி, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறியவன். அந்தப் பழக்கத்தில் சற்றுமுன் என் கை செருப்பின் வாருக்குப் போனது. அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்ததே, கேட்டீர்களா? “இந்தாங்க, கழட்டாதீங்க! போட்டுக்கினே ஏறுங்க!”

அந்தக் குரலுக்கு உரியவள் யார்? முப்பத்துநான்கு ஆண்டுகளாக எங்கள் வாசற்படிக்கு உள்ளே ஒரு செருப்பின் நுனியைக்கூட அனுமதிக்காதவள். மின்சார வாரியத்துக்காரர் ஆனாலும் சரி, மாப்பிள்ளை ஆனாலும் சரி, வாசலில் கழற்றினால்தான் உள்ளே வரலாம். அப்படிப்பட்டவள் இன்று ஆயிரம் பேர் நடுவே செருப்போடு ஏறு என்கிறாள். அவள் எப்படி மாறினாள்? என் கால் எப்படிப் பிழைத்தது? இரண்டும் ஒரே கதைதான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். குளித்துவிட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள், “இன்னாங்க இது, கட்ட விரலாண்ட?” வலது பெருவிரலின் அடியில், பாதத்தின் பந்து போன்ற மேட்டில், நெடுநாளாக ஒரு காய்ப்பு இருந்தது. அந்தக் காய்ப்பு நடுவே வெடித்து, உள்ளே சிவந்து கிடந்தது. வலித்ததா? வலிக்கவில்லை. எரிந்ததா? எரியவில்லை. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன். வலிக்காததால் மூன்று வாரம் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு வாளாவிருந்தேன். சர்க்கரை எனக்குப் பதினாறு ஆண்டுச் சொந்தம். அது கண்ணைக் கெடுக்கும் என்று தெரியும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரியும். வலியைத் திருடிக்கொண்டு போகும் என்று மட்டும் தெரியாது.

திருப்பதிக்குப் போனோம். மருத்துவர் கிரண்குமார் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். “கண்ணு மூடுங்க மேஷ்டாரு. நான் தொடும்போது சொல்லுங்க” என்றார். மூடினேன். காத்திருந்தேன். தேர்வு எழுதும் மாணவனைப் போல மிகுந்த கவனத்தோடு காத்திருந்தேன். வெகுநேரம் ஆகியும் ஒன்றும் நிகழவில்லை. “எப்ப டாக்டர் தொடுவீங்க?” என்று கண்ணைத் திறந்தேன். அவர் இழையை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். “அயிபோயிந்தி மேஷ்டாரு, முடிஞ்சிடுச்சி. பத்து இடத்தில தொட்டுட்டேன்” என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்று நானும் சிரிக்கிறேன். அன்று என் உடம்பில் ஓர் உறுப்பு எனக்குச் சொல்லாமலே என்னை விட்டுப் போய்விட்டது போல இருந்தது. நான் பயந்துபோனேன்.

புண்ணைச் சுத்தம் செய்தார், மருந்து கொடுத்தார், சர்க்கரை மாத்திரையை மாற்றினார். பிறகு பத்மினியிடம் அனுப்பினார். இந்தச் சகோதரி சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண். என் பாதத்தை மடியில் வைத்து, அளந்து, வரைந்து, அதன் கதையை எனக்கே சொன்னார். மேடை மேடையாய் ஏறி இறங்கிய எனக்குப் பாதத்தில் இருபத்தாறு எலும்புகள் உண்டு என்பது அறுபத்தொன்றாம் வயதில்தான் தெரிந்தது. ஓர் அடி வைக்கிறோமே, அந்த ஓர் அடிக்குள் என்னென்ன நடக்கிறது? முதலில் குதிகால் தரையைத் தொட்டு உடலின் பாரத்தை வாங்குகிறது. வாங்கிய பாரம் வெளி விளிம்பு வழியாக முன்னே ஓடுகிறது. ஓடிய பாரம் விரல்களின் அடிமேட்டில் உருண்டு, பெருவிரலுக்கு வருகிறது. பெருவிரல் தரையை உந்த, அடுத்த அடி பிறக்கிறது. நல்ல பாதம் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். என் பாதத்திலோ விரல்கள் வளைந்துவிட்டன, அடியில் இருந்த மெத்தென்ற கொழுப்பு கரைந்துவிட்டது. அத்தனை பாரமும் ஒரு நாணயத்தின் அகலத்தில் வந்து விழுந்தது. ஒவ்வோர் அடியும் அங்கேயே விழுந்தது.

“அதுக்குத்தான் சார் இந்தச் செருப்பு” என்றார் பத்மினி. எம்.சி.ஆர். செருப்பு என்கிறார்களே, அந்த மெத்தை ரப்பர் வைத்தது. என் பாதத்தின் வளைவுக்கு ஏற்ற ஒரு தாங்கல், புண் இருந்த இடத்துக்கு நேராக ஒரு சிறு பள்ளம், முன்பக்கம் சற்றே மேல்நோக்கி வளைந்த அடிப்பாகம். விரல் மடங்காமலே கால் உருண்டு போக அந்த வளைவு. “இதில மந்திரம் ஒண்ணுமில்ல சார். ஒரே எடத்தில நிக்கிற பாரத்த பாதம் பூரா பங்கு போட்டுக் குடுக்கும், அவ்ளோதான். ஆனா நீங்க போட்டாத்தான் குடுக்கும்.”

போட்டேன் ஐயா! பக்தியோடு போட்டேன்! கடைக்குப் போனால் போட்டேன், கல்யாணத்துக்குப் போனால் போட்டேன், பஸ் ஏறினால் போட்டேன். ஆனால் ஐந்து மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. ஆறாதது மட்டுமா? ஆழமானது.

ஐந்தாம் மாதம் மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. “எலும்பு பக்கம் போய்க்கினு இருக்கு மேஷ்டாரு. ஆறு வாரம் பாக்கறேன். ஆறலன்னா பெருவிரலும், அதுக்குப் பின்னால கொஞ்சமும் எடுக்கணும்.” தேதியையும் சீட்டில் எழுதிவிட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அப்புறம் நான் மேடையில் நின்று பேச முடியுமா?” அவர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தார்.

சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தோம். புத்தலப்பட்டு வந்தது, போனது. நான் சீட்டில் இருந்த தேதியையே படித்துக்கொண்டிருந்தேன். மேடையில் உட்கார்ந்து பேசலாமே என்று நீங்கள் சொல்லலாம். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. நின்றால்தான் நெஞ்சு நிமிரும், நெஞ்சு நிமிர்ந்தால்தான் சொல் பிறக்கும். அந்த விரலோடு என் குரலும் போய்விடும் என்றே நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் பத்மினி மீண்டும் வருகிறார். அடுத்த வாரம் என் செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினார். வாரைப் பார்த்தார், அடியைப் பார்த்தார். பிறகு கேட்டார். “சார், இது நடக்கவே இல்லியே?”

“என்னம்மா சொல்ற? வெளிய கால் வச்சா இது இல்லாம நான் போறதே இல்ல.”

“அஞ்சு மாசம் நடந்த மெத்த இந்நேரம் அமுங்கி இருக்கும் சார். இது புதுசாவே கீது. வூட்ல?”

“வூட்ல யாரும்மா செருப்பு போடுவாங்க?”

அவர் செருப்பைத் திருப்பிக் கொடுத்தார். “ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வரேன் சார்” என்றார்.

வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வாசலிலேயே நின்றார். அவர் தந்தை கங்கையா கூலிக்குக் களை எடுத்தது என் மாமனார் ஊரில். அவரை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பிய வீடுகளில் என் உறவினர் வீடுகளும் உண்டு. இதை மறைத்துவிட்டு மேடையில் அறம் பேச எனக்கு நா எழவில்லை. அந்தப் பெண் ஏன் நின்றார் என்பது எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கும் புரிந்தது. “இன்னாம்மா அங்கியே நின்னுக்கினு? உள்ள வா, தண்ணி குடி” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எங்கள் வீட்டுக்குள் செருப்பு வருவதற்கு முன்னால், அதைச் செய்கிறவர் வர வேண்டியிருந்தது.

உள்ளே வந்த பத்மினி, தன் கையில் கட்டியிருந்த அடி எண்ணும் கடிகாரத்தைக் கழற்றி என் கணுக்காலில் கட்டினார். “தினம் இன்னா பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க சார்” என்றார். தினம் நான் என்ன செய்வேன்? ஒத்திகை பார்ப்பேன்! அடுத்த வாரம் ஒரு பட்டிமன்றம் இருந்தது. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தேன், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்குத் திரும்பினேன். நடந்தால் எதுகை வரும், திரும்பினால் மோனை வரும். வெறுங்காலில், வழவழத்த தரைக்கல்லில், குதிகாலில் சுழன்று சுழன்று ஒரு மணி நேரம் முழங்கினேன். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று அன்று கொஞ்சம் கூடுதலாகவே முழங்கினேன்!

முடிந்ததும் பத்மினி கடிகாரத்தைப் பார்த்தார். “சார், இந்த ஒரு மணி நேரத்தில ரெண்டாயிரத்து முந்நூறு அடி. தினம் எத்தினி மணி நேரம்?”

“காலை ஒன்று, மாலை ஒன்று” என்றேன். குரல் இறங்கிவிட்டது.

“ஒரு வாரம் பூரா நீங்க வெளிய செருப்போட நடக்கறது இத்தினி இருக்காது சார்.”

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! என் கால் எங்கே கெட்டது? கல்லிலா? முள்ளிலா? கடைத்தெருவிலா? என் வீட்டுக் கூடத்தில் கெட்டது. யார் கெடுத்தார்கள்? என் பேச்சு கெடுத்தது. நீங்கள் கைதட்டிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் காலின் சதையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

“கட்டில விட்டு எறங்கறப்பவே செருப்பு போடணும். ராத்திரி படுக்கற வரைக்கும்” என்றார் பத்மினி. என் மனைவி எழுந்துவிட்டாள். “வூட்டுக்குள்ளயா? சாமி மாடம் இருக்கற வூடும்மா இது. சமைக்கற எடம். இன்னா பேசற நீ?”

பத்மினி வாதாடவில்லை. நானாக இருந்தால் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன், தோற்றும் இருப்பேன். அவர் பையிலிருந்து ஒரு ரப்பர் விரிப்பை எடுத்தார். அதன் அடிப்பக்கம் மை, அதன் கீழே வெள்ளைத் தாள். “சார், இதும்மேல ஒரே ஒரு அடி வச்சிட்டுப் போங்க.” வைத்தேன். தாளை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். என் பாதம் தாளில் இளஞ்சாம்பலாய்ப் பதிந்திருந்தது. பெருவிரலின் அடியில் மட்டும், ஒரே இடத்தில், கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

“பாரம் எங்க அதிகமோ அங்க மை கறுப்பாப் புடிக்கும்மா. ஒவ்வொரு அடிக்கும் அங்கதான் அழுத்துது. கட்டு போட்டாலும் அதத் தாண்டிக் கசியும்.”

தாட்சாயணி தாளைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கூடத்தின் நடுவே, நான் திரும்பும் இடத்தில், அந்த வட்டத்தின் அளவிலேயே பழுப்பாய் ஒரு சிறு கறை இருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “டீ சிந்திட்டுப் போறாருன்னு நெனச்சேனே... தினம் இதத்தான் நான் தொடச்சிக்கினு இருந்தேனா?”

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “செஞ்சி எடுத்துக்கினு வாம்மா. தெருவ மிதிக்காத ஜோடியா ஒண்ணு செய். வூட்டுக்குன்னே இருக்கட்டும்” என்றாள்.

அடுத்த வாரம் வந்தது அந்த இரண்டாவது ஜோடி. புது வண்டிக்கு வைப்பது போல இரண்டு வாரிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள் என் மனைவி. வாசற்படிக்கு உள்ளே, கட்டிலின் பக்கத்தில், தன் கையாலேயே வைத்தாள். சாமி மாடத்துக்கு முன் ஒரு நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, மாட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். ஒத்திகையும் நாற்காலியில்தான். முதல் வாரம் மோனை வரவே இல்லை!

அப்புறம் என் பாடு? கேட்காதீர்கள். நான் இரண்டடி வெறுங்காலில் வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். சமையலறையில் இருந்தபடியே செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பாள். சத்தமில்லாமல் முறுக்கு டப்பாவுக்குப் போனேன் ஒருநாள். “செருப்பு எங்க?” என்று முன்னால் வந்து நின்றாள். முறுக்கும் போச்சு, மானமும் போச்சு.

மருத்துவர் வாரந்தோறும் காய்ப்பைச் சீவினார், அளந்தார். நாணயமாய் இருந்த புண் வேர்க்கடலை ஆனது. வேர்க்கடலை துவரம்பருப்பு ஆனது. சீட்டில் எழுதிய அந்தத் தேதியும் வந்தது. அதே நாளில், அதே மேசையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அவர் பார்த்தார். விளக்கை இழுத்து மறுபடி பார்த்தார். “மூசுகுந்தி மேஷ்டாரு! மூடிக்கிச்சு!” என்றார். இத்தனை மேடை கண்டவன் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன். நெஞ்சில் ஆறு வாரமாக ஏற்றி வைத்த மூட்டையை யாரோ இறக்கியது போல இருந்தது. என் மனைவி அழவில்லை. “வாங்க, எதுனா துன்னலாம். காத்தாலேர்ந்து நான் ஒண்ணும் துன்னல” என்றாள். திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி தின்றாள். நான் அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பு மட்டும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை காத்தது, கட்டு காத்தது, மருத்துவர் கைக்கத்தி காத்தது. என் செருப்பு உங்களுக்கு ஆகாது, உங்கள் செருப்பு எனக்கு ஆகாது. அளந்து செய்ததே அவரவர்க்கு ஆகும். ஆனால் எவ்வளவு அளந்து செய்தாலும், வாசலில் கிடக்கும் செருப்பு யாருடைய காலைக் காக்கும்?

இதோ, தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கவும்.’ சுருக்குகிறேன் ஐயா, ஒரே ஒரு விண்ணப்பத்தோடு. இன்று காலை இந்த மண்டபத்தின் வாசலில் நின்று பார்த்தேன். பாதநல முகாம் என்று பெரிய எழுத்தில் பதாகை. அதன் கீழே குவியல் குவியலாய்ச் செருப்புகள். அந்தக் குவியலில் பத்மினியின் கை பட்ட ஜோடிகள் எத்தனை! காலுக்கு மருந்தாய்ச் செய்ததை வாசலில் விட்டுவிட்டு, காலைக் காட்ட வெறுங்காலில் வந்திருக்கிறோம். மண்டபத்தைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

வாசலை ஏன் பார்க்க வேண்டும்? இந்த மேடைப் படியின் கீழே பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி, முன்பக்கம் வளைந்த அடிப்பாகம். அது யாருடையது? ஐயா, சொல்லலாமா? ... சிரிக்கிறார். ‘சொல்லுய்யா’ என்கிறார். நம் தலைவருடையது! அவர் பாதங்களை மேசை விரிப்பு மறைத்திருக்கிறது. இந்த அவைக்குத் தலைமை தாங்கும் கால்கள் இரண்டும் இந்த நேரம் வெறும் சிமெண்டில் இருக்கின்றன!

அதோ, மூன்றாம் வரிசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள். தாட்சாயணி, எங்கே போகிறாய்? ... வழி விடுங்கள் அம்மா, வழி விடுங்கள். படியண்டை குனிகிறாள். அந்த ஜோடியைக் கையில் எடுக்கிறாள்... அவையோரே, கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் செருப்பை வாசற்படி தாண்டவிடாத கை, இன்னொருவருடைய செருப்பை மேடைக்கு எடுத்து வருகிறது. ஒலிவாங்கியை அந்தப் பக்கம் நீட்டுங்கள் தம்பி, அவள் சொல்வதை எல்லோரும் கேட்கட்டும்.

“போட்டுக்கோங்கண்ணா. மேடைக்கு ஒண்ணும் ஆவாது.”

போட்டுக்கொண்டார். இப்போது தட்டுங்கள்! கூடவே, உங்களில் யார் யார் வாசலில் விட்டு வந்தீர்களோ, எழுந்து போய் எடுத்து வாருங்கள். ஓடாதீர்கள், மெல்ல நடங்கள். மண்டபத்தார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நான் பேசிவிட்டேன்.

காலைப் பார்த்த மருத்துவருக்கும், காலுக்குள் பார்த்த பத்மினிக்கும், கறையைத் துடைத்தவளுக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த உங்களுக்கும் என் நன்றி. உட்காரச் சொல்லி மருத்துவர் கையைக் காட்டுகிறார். உட்காருகிறேன். அதற்கு முன், பத்து விரலும் என்னுடையதாய், இரண்டு காலும் தரையில் ஊன்றி, நின்றபடியே சொல்லிக்கொள்கிறேன். வணக்கம்!